முதலில் தண்ணீரைப் பாருங்கள்: பள்ளிக்கரணைக்குப் போகிறவர்களுக்கு

என் மைத்துனர் மகள் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு வந்திருந்தாள். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. "மாமா, பள்ளிக்கரணையில பூநாரை வருமாமே, காட்டுங்க" என்றாள். தென்சென்னையில் இருக்கிற சதுப்பு நிலம்தான் பள்ளிக்கரணை; பூநாரை என்றால் ஃபிளமிங்கோ. நானும் முன்பின் யோசிக்காமல் ஆட்டோவைப் பிடித்துவிட்டேன். போய் நின்றால் வெடித்துக் கிடக்கும் சேறு, காய்ந்த கோரை, வேலியோரம் பிளாஸ்டிக் பைகள், தூரத்தில் கானல் நீரில் ஆடுகிற நாலு வெள்ளைப் புள்ளிகள். பத்தே நிமிடம். "ஒண்ணுமே இல்லையே மாமா" என்றாள். திரும்பும் வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

தப்பு என்மேல்தான். மே மாதம், உச்சி வெயில், தண்ணீர் வற்றிய நேரம் என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அந்தப் பெண்ணை அழைத்துப் போயிருந்தேன். அதன் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பறவைக்காகப் போகிறீர்கள், சரி, ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தால், என்ன பறவை இருக்கும், எங்கே இருக்கும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

நான் பறவை ஆராய்ச்சியாளன் இல்லை. டெலிபோன் டிபார்ட்மென்டில் கேபிள் ஜாயின்ட் போடுகிற வேலையில் இருந்து, 2020 ஜனவரி 31 அன்று ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். தொண்ணூறுகளில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கமெல்லாம் குழி தோண்டிக் கேபிள் புதைத்திருக்கிறோம். மூன்றடி தோண்டினால் தண்ணீர் ஊறும். பம்பு வைத்து இறைத்துவிட்டு ஜாயின்ட் போடுவோம். மறுநாள் வந்தால் குழி மறுபடி நிறைந்திருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், லைனில் கரகரவென்று சத்தம், புகார் மேல் புகார். எங்கள் மேஸ்திரி ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்வார்: "இது நிலம்னு நெனச்சுத் தோண்டாத தம்பி, இது கழுவெளி." அப்போது அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கரணையில் கைவேலி என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதல்லவா, அது கழுவெளி என்ற சொல்லின் திரிபு என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். மழைக்காலத்தில் நீர் பரவி நின்று, கோடையில் மெல்ல வற்றும் தாழ்வான வெளிக்குத்தான் கழுவெளி என்று பெயர்.

இந்தக் கழுவெளிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறும். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுகிற மழை இங்கேதான் வந்து சேர்கிறது. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலத்துக்கு, அது நிறைந்தால் கீழ்க்கட்டளைக்கு, அங்கிருந்து நாராயணபுரத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணைக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளி கைமாறுகிற மாதிரி ஏரிக்கு ஏரி மாறி வரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைத் தொடும். வருவதற்கு நூறு வழி, போவதற்கு ஒரு குறுகலான வழி. அதனால்தான் நீர் நின்று, பரவி, மெதுவாக நகர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர். வாஷிங் மெஷின் போச்சு. என் மனைவி, "ஏங்க, வாராவாரம் போய்ப் பார்க்கிறீங்களே, அது இப்ப உங்களைப் பார்க்க வந்திருக்கு" என்றாள்.

ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த சதுப்பு, சாலை, கட்டடம், குப்பைமேடு என்று சுருங்கிச் சுருங்கி வந்தது. 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளைக் காக்க 1971-ல் அங்கே கையெழுத்தான உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு. இதைத் தாண்டி ஒரே தேதியாகச் சொல்லச் சொன்னால், ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் ஒரு காலை.

நவம்பரில் போனால் தண்ணீர் ததும்பும். பார்க்க அழகுதான், கடல் மாதிரி. ஆனால் ஆழம் அதிகம் என்பதால் சேற்றில் நடந்து இரைதேடும் உள்ளான் வகைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் என்று நீந்துபவர்களின் ராஜ்ஜியம் அது. வலசை வாத்துகளும் வரத் தொடங்கியிருக்கும். ஆனால் ஆண் வாத்துகள் அந்த மாதங்களில் மங்கலான இறகுக்கோலத்தில் இருப்பதால் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பாகத் தெரியும். புதிதாகப் பார்க்கிறவருக்கு எல்லாமே 'ஏதோ வாத்து'. ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலான ஆண்களுக்குப் புது இறகு வந்துவிடும். நீலச்சிறகியின் வெள்ளைப் புருவம், ஊசிவால் வாத்தின் சாக்லேட் நிறத் தலை, எல்லாம் பளிச்சென்று இருக்கும்.

தண்ணீர் இறங்க இறங்க ஓரங்களில் சேற்றுத் திட்டுகள் எழும்பும். அப்போதுதான் திருவிழா. நடுவில் ஆழமான இடத்தில் வாத்துகள், அதைச் சுற்றி முழங்கால் ஆழத்தில் நாரைகள், கரையோரச் சேற்றில் உள்ளான்கள் என்று எல்லோருக்கும் இடம் கிடைக்கிற சில வாரங்கள் அவை. பூநாரை வருவதும் இந்த நீர்மட்டத்தைப் பொறுத்ததுதான். சில வருடம் கூட்டமாக வரும், சில வருடம் கண்ணில் படாது. "பூநாரை கண்டிப்பா இருக்கும்" என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்துக் கரும்புச்சாறு வாங்கியவன்.

நேரம்? விடிந்தவுடன். ஆறரை மணிக்கு அங்கே நின்றால் ஒன்பது மணிக்கெல்லாம் மனசு நிறைந்துவிடும். அதற்கு மேல் வெயில் ஏறினால் நீர்ப்பரப்பிலிருந்து கானல் எழும்பும். எத்தனை விலையுள்ள பைனாகுலர் வைத்திருந்தாலும் பறவை நெளிந்து நெளிந்துதான் தெரியும். மாலை நாலரைக்கு மேல் போனாலும் நல்லதுதான், ஆனால் சாலையில் ஐடி கம்பெனி வண்டிகள் வீடு திரும்பும் நேரம். ஹாரன் சத்தத்தில் பறவைகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கும்.

எப்படிப் போவது, எங்கே நிற்பது

வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்பது சுலபம். "பள்ளிக்கரணை சதுப்பு" என்றால் சில ஆட்டோக்காரர்கள் முழிப்பார்கள்; "காமாட்சி ஆஸ்பத்திரி சிக்னல் தாண்டி துரைப்பாக்கம் ரோட்டுல பார்க்" என்று சொல்லுங்கள். பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கிற 200 அடி ரேடியல் ரோடு அந்தச் சிக்னலைக் கடந்ததும் சதுப்பின் நடுவே போகிறது. இருபுறமும் நீர், நடுவில் லாரிகள். பழைய மகாபலிபுரம் சாலை பக்கமிருந்து வருகிறவர்கள் துரைப்பாக்கத்தில் திரும்பினால் எதிர்த்திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேரலாம்.

2021-ல் இந்தச் சாலையோரமாக வனத்துறை ஒரு சுற்றுச்சூழல் பூங்காவைத் திறந்தது. இரண்டரை ஹெக்டேர்தான். முதல்முறை போகிறவர்கள், குழந்தை குட்டியோடு போகிறவர்கள், முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் இங்கேயே தொடங்குங்கள். நடைபாதை இருக்கிறது, சதுப்பின் ஓரமாக நின்று பார்க்க இடம் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் லாரி வராது. திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காலையில் பாதிப் பேர் சுகருக்காக நடக்க வந்தவர்கள். கையை வீசிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். இன்னொரு விஷயம். பூங்காவுக்குள் செடி கொடி, பலகைகள், சுவர்ச் சித்திரங்கள் எல்லாம் பார்த்துவிட்டு "பள்ளிக்கரணை பார்த்தாச்சு" என்று திரும்பிவிடுகிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். பூங்கா என்பது வாசல் திண்ணை மட்டும். வீடு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்.

பூங்காவைத் தாண்டிச் சாலையோரமாகவும் நின்று பார்க்கலாம், பலர் பார்க்கிறார்கள். ஆனால் வண்டியைச் சாலையில் நிறுத்தாதீர்கள். இது அறிவுரைக்காகச் சொல்வது இல்லை. ஒருமுறை நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு செந்நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஒரு சாண் இடைவெளியில் உரசிக்கொண்டு போனது. கண்ணாடி உடைந்து, ஹெல்மெட் உருண்டு வேலியில் போய் முட்டியது. செந்நாரை அசையவே இல்லை. அதிலிருந்து வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு நடந்தே போகிறேன், வேலியை ஒட்டி.

வெளிச்சத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இது யாரும் சொல்வதில்லை. இந்தச் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. தை, மாசியில் சூரியன் தென்கிழக்கில் எழும்பி நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே சாய்ந்து போகும். எனவே சாலைக்குத் தெற்கே உள்ள நீரைப் பார்த்தால் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே. பறவையெல்லாம் கறுப்பு அட்டை வெட்டி ஒட்டியது போலத்தான் தெரியும். வடக்குப் பக்கத்து நீரைப் பாருங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறங்கள் அத்தனையும் தெரியும். அதே வடக்கில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வாடையும் வரும். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை சில வருடங்களாக நடக்கிறது. வாடைக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பதினைந்து நிமிடத்தில் பழகிவிடும். பழகுவதும் ஒருவகையில் வெட்கம்தான், என்ன செய்வது.

என்ன எடுத்துப் போவது

தண்ணீர் பாட்டில், தொப்பி, கால்சட்டை முழுநீளம், கொசுவுக்கு ஏதாவது. வெள்ளைச் சட்டை வேண்டாம், வெளிறிய பச்சையோ பழுப்போ போதும். கழிவறை வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பைனாகுலர் இல்லாமலும் போகலாம், கூழைக்கடாவும் நாரையும் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் வாங்குவதாக இருந்தால் 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் 20 மடங்கு என்று ஆசை காட்டுவார். கை நடுக்கத்தையும் அது 20 மடங்கு பெரிதாக்கும் என்று சொல்ல மாட்டார். நான் முதலில் வாங்கியது அந்த ரகம். இப்போது அது என் பேரனிடம் இருக்கிறது, எதிர் வீட்டு மொட்டைமாடிப் பூனையைப் பார்க்கிறான்.

எதை எப்படி அடையாளம் காண்பது

புத்தகத்தைத் திறந்து முந்நூறு பறவையையும் மனப்பாடம் செய்யப் போனால் முதல் நாளே அலுத்துவிடும். நான் ஆழத்தை வைத்துப் பிரித்துக்கொள்கிறேன். காலடியிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள்.

கரையோரச் சேறு. இங்கே அவசரமாக ஓடி ஓடிக் கொத்துகிற சின்னப் பழுப்புப் பறவைகள் உள்ளான் வகை. எந்த உள்ளான் என்று முதல் வருடம் கவலைப்படாதீர்கள், அனுபவசாலிகளே அதில் சண்டை போடுகிறார்கள். ரோஜா நிறத்தில் நூல் மாதிரி நீண்ட கால், கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு என்றால் நெடுங்கால் உள்ளான். இதை யாரும் தவறவிட முடியாது. ஒரு சத்தம் கேட்கும், "யார் அது, யார் அது" என்று அதட்டுகிற மாதிரி. ஆட்காட்டி. நீங்கள் வந்துவிட்டதை ஊருக்கே சொல்லிவிடும். அது அடங்கும் வரை அசையாமல் நில்லுங்கள், மற்றவை திரும்பி வரும். கரையில் மண் நிறத்தில் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருப்பது மடையான். பறக்கும்வரை மண்ணாங்கட்டி, பறந்தால் பளீரென்று வெள்ளை இறக்கை. குழந்தைகளுக்கு இதைக் காட்டுங்கள், மந்திரம் பார்த்த மாதிரி வாய் பிளப்பார்கள்.

அடுத்து கோரையும் சம்பும் நிற்கிற இடம். சம்பு என்பது பழுப்பு நிறத்தில் ஊதுபத்திக் கட்டு போலக் கதிர் வைத்திருக்கும் நெட்டைப் புல். நாங்கள் கேபிள் குழிக்குப் பக்கத்தில் சம்பு முளைத்திருந்தால் அங்கே ஜாயின்ட் போடவே மாட்டோம், வருடம் முழுக்க ஈரம் என்று அர்த்தம். அதன் அடியில் நீலமும் ஊதாவும் கலந்த உடம்பு, சிவப்பு அலகு, சிவப்புக் கால் என்று ஒரு கோழி நடந்தால் அது நீலத்தாழைக்கோழி. நடக்கும்போதெல்லாம் வாலைத் தூக்கித் தூக்கி அடியில் இருக்கிற வெள்ளையைக் காட்டும். தண்டை ஒரு காலில் பிடித்துத் தின்கிற நேர்த்தியைப் பாருங்கள், குச்சி ஐஸ் பிடித்த பிள்ளை மாதிரி. மிதக்கும் இலைமேல் ஒருவர் முழுகாமல் நடந்துபோனால் இலைக்கோழி. விரல்கள் அத்தனை நீளம், எடை பரவிவிடுகிறது.

முழங்கால் ஆழம் நாரைகளின் இடம். நத்தைகுத்தி நாரையை ஓர் அடையாளத்தில் பிடித்துவிடலாம்: அலகை மூடியிருந்தாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும், சரியாக மூடாத பாக்குவெட்டி மாதிரி. நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவ அந்த அலகு உதவுகிறது. மஞ்சள் அலகும், முதுகுப் பக்கம் ரோஜா நிறச் சாயமும் இருந்தால் சங்குவளை நாரை. இந்த ரோஜாவைப் பார்த்துத்தான் பாதிப் பேர் "பூநாரை, பூநாரை" என்று கத்துவார்கள். பூநாரைக்குக் கழுத்து இன்னும் ஒல்லி, இன்னும் நீளம், அலகு நடுவில் ஒடிந்த மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக நீரில் ஓட்டி வடிகட்டித் தின்னும். அந்த ரோஜா நிறமே தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருவது. குஞ்சுப் பருவம் தாண்டாதவை அழுக்குச் சாம்பலாகத்தான் இருக்கும். கூட்டத்தில் அப்படி நின்றால் அது வேறு இனமோ என்று குழம்ப வேண்டாம். கரண்டிவாயனுக்கு விளக்கமே தேவையில்லை. சோற்றுக் கரண்டி, அவ்வளவுதான்.

நடு ஆழத்தில் வாத்துகள், கூழைக்கடாக்கள். நாமக்கோழி கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம், பெயரே அடையாளம். தட்டைவாயன் அகன்ற அலகை நீரில் வைத்து அரித்துக்கொண்டே வட்டமடிக்கும். கூழைக்கடா தொலைவில் வெள்ளை மூட்டையாகத் தெரியும், மீன் வாய்க்குள் போனதும் தொண்டைப் பை தொங்கும்.

இதுவரை சொன்னதைவிட உபயோகமான ஒன்று: வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால் வாத்தைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். பெரும்பாலும் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே இறக்கையை வி வடிவத்தில் தூக்கி, தாழ்வாகச் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருக்கும். ஒரே பருந்து, ஆயிரம் பறவை காற்றில். ஐந்தாறு நிமிடம் வானம் முழுக்கச் சலசலப்பு. பிறகு ஒவ்வொரு கூட்டமாக இறங்கி, மறுபடி அதே ஆழத்துக்குத்தான் போகும். யாருக்கு எந்த ஆழம் என்பதை அப்போது தெளிவாகப் பார்க்கலாம்.

செய்யக் கூடாதவை நான்கைந்துதான். வேலியைத் தாண்டிச் சேற்றில் இறங்காதீர்கள். அது காப்புக்காடு, இறங்குவது குற்றம். அதோடு மேலே காய்ந்து தெரியும் சேறு உள்ளே களி, கால் போனால் எடுப்பது கஷ்டம். விரியன் பாம்பு இருக்கிற இடம் வேறு. ரொட்டி, பொரி எதையும் போடாதீர்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்கிற வித்தையை வேண்டாம் என்று விடுங்கள். ட்ரோன் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கட்டுரை வேறு மாதிரி போய்விடும்.

பார்த்த பிறகு

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், நீர்மட்டம், பார்த்தவை. நீர்மட்டத்தை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கிற கல்வெர்ட் ஒன்றின் சுவரில், மழைக்காலத்து நீர் விட்டுப்போன கறை கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் எத்தனை சாண் இறங்கியிருக்கிறது என்று கண்ணளவில் பார்த்து எழுதிக்கொள்வேன். கறை முழுகியிருந்தால் 'முழுக்கு'. வேலையில் இருந்தபோது மேன்ஹோலில் இப்படித்தான் எழுதுவோம், பழக்கம் விடவில்லை. ஐந்து வருட நோட்டைப் புரட்டினால் இரண்டு சாண் இறங்கிய நாட்களில்தான் பக்கம் நிறைய எழுதியிருக்கிறேன். நாலு சாணுக்கு மேல் இறங்கினால் இரண்டு வரி. உங்கள் கல்வெர்ட்டுக்கு உங்கள் கணக்கு வரும், ஒரு பருவம் எழுதிப் பாருங்கள்.

நோட்டில் எழுதியதை இபேர்ட் என்ற செயலியில் ஏற்றினால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பயன்படும். வருடா வருடம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி ஏற்றினால் போதும், அடையாளம் தெரிந்தவற்றை மட்டும். மாட்டுப் பொங்கல் அன்று வீட்டில் எல்லோரும் கரும்பு கடித்துக்கொண்டு டிவி பார்க்கும்போது நான் அங்கே நிற்பேன். என்னைப் போலவே வீட்டில் திட்டு வாங்கி வந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்களை விட நல்ல வழிகாட்டி கிடையாது. பக்கத்தில் போய், "அது என்ன சார்?" என்று கேட்டால் போதும், பைனாகுலரையே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

திரும்பும்போது நேரம் இருந்தால் துரைப்பாக்கம் வழியாகப் போய்ப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒக்கியம் மடுவுப் பாலத்தைப் பாருங்கள். பறவைக்காக இல்லை. இத்தனை நேரம் பார்த்த அந்தப் பரந்த நீர் முழுவதும் இந்த ஒரு வாய் வழியாகத்தான் கடலை நோக்கிப் போக வேண்டும். பாலத்தின் கீழே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தால், அடுத்த டிசம்பரில் வாஷிங் மெஷினை மாடிக்கு ஏற்றலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். நான் போன மழைக்கு முன்பே ஏற்றிவிட்டேன்.

மைத்துனர் மகளைப் பற்றி ஆரம்பித்தேன் அல்லவா. போன ஜனவரியில் போன் செய்தாள். எப்படி இருக்கீங்க, அத்தை எப்படி இருக்காங்க எல்லாம் அப்புறம்தான். "மாமா, தண்ணி எத்தனை சாண்?" என்றாள். "ரெண்டு" என்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டாள்.